நியூரம்பெர்க், பாம்பெர்க்: முதலில் பாறைக்கடியில் போய் வாருங்கள்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். செப்டம்பரில் வேலை விஷயமாக ஜெர்மனி போகிறார். வேலை முடிந்ததும் இரண்டு நாள் கையில் இருக்கிறது, அப்பாவும் கூட வருகிறார். நியூரம்பெர்க்கிலும் பாம்பெர்க்கிலும் நடந்தே போகக்கூடிய கிராஃப்ட் பீர் பார்களின் பட்டியல் வேண்டும், ஒரு நாளில் எத்தனை முடியும், பழைய நிலவறைகளைக் காசு கொடுத்துப் பார்ப்பது வீண்செலவா என்கிறார். கடைசி வரியில் இன்னொன்றும் இருக்கிறது: "அப்பாவுக்கு 67 வயது. எஸ்டேட் தோட்டத்தில் வளர்ந்தவர், குடிக்கவே மாட்டார். அவருக்குச் சலித்துவிடக் கூடாது." எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. குடிக்கும் மகனும் குடிக்காத அப்பாவும் சேர்ந்து நடந்து, இருவருக்குமே நிறைவாக அமைகிற இரண்டு நாள் எப்படி இருக்கும் என்றுதான் கேட்கிறார்.

நான் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பீர் ஆலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். பெரும்பாலும் நொதிப்பும் முதிர்வும் நடக்கும் பிரிவில் இருந்தேன். பயிற்சிக்காக ஜெர்மனியின் தென் மாநிலமான பவேரியாவுக்கு அனுப்பினார்கள், அப்புறம் சொந்தச் செலவிலும் போயிருக்கிறேன். பீர் எப்படி உருவாகிறது என்பதைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். ஊர் வரலாறு எனக்குப் படித்தும் கேட்டும் தெரிந்ததுதான், அதனால் ஆவணம் இருப்பதையும் வெறும் கதையையும் பிரித்தே சொல்கிறேன். கடைகள் திறக்கும் நேரமும் வாராந்திர விடுமுறையும் அடிக்கடி மாறும். அதைப் புறப்படும் வாரத்தில் நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரடியான பதில் இதுதான். நிலவறைக்குக் கட்டாயம் போங்கள், அதுவும் முதல் பீருக்கு முன்னால் போங்கள். பார் பட்டியலைத் தேட வேண்டாம். பல கைப்புகளும் பழ வாசனைகளும் கொண்ட புதுவகை பீரெல்லாம் கோலாலம்பூரிலேயே கிடைக்கிறது, அதற்காக இந்த இரண்டு ஊரும் இருக்கும் பிராங்கோனியா வட்டாரம் வரை போகத் தேவையில்லை. அங்கே இருப்பவை பல தலைமுறையாக ஒரே இடத்தில் காய்ச்சி, அதே கட்டடத்தின் முன்கூடத்தில் விற்கிற சின்னக் குடும்ப ஆலைகள். ஒரு நாளைக்கு மூன்று இடம், இடத்துக்கு ஓர் அரை லிட்டர் போதும். அதற்கு மேல் போனால் நாலாவது பீரின் சுவையும் தெரியாது, அப்பாவின் நாளும் கெடும்.

நிலவறைக்கு ஏன் முதலிடம் என்று கேட்டால், அந்த ஊர் பீரை உருவாக்கியதே அந்தப் பாறையின் குளிர்தான். தரைக்கடியில் பத்து மீட்டருக்குக் கீழே போய்விட்டால் கோடையும் குளிர்காலமும் எட்டாது, அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பம் என்னவோ அதற்குப் பக்கத்திலேயே வருடம் முழுக்க நிற்கும். நியூரம்பெர்க்கில் அது 10 டிகிரியை ஒட்டி வருகிறது. லாகர் என்ற குளிரில் நொதிக்கும் பீரின் ஈஸ்ட் நிதானமாக வேலை செய்ய விரும்பும் வெப்பமும் 8 முதல் 12 டிகிரிதான். குளிர்காலத்தில் குளங்களிலிருந்து வெட்டிய பனிக்கட்டியை உள்ளே அடுக்கினால் இன்னும் கீழே இறக்கி, மாதக்கணக்கில் முதிர வைக்கலாம். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் இதே ஆழம் தோண்டினால் 27, 28 டிகிரி இருக்கும், கூடவே கடல் தண்ணீரும் ஊறும். சூலியா தெருவின் பழைய கடைவீடுகளுக்கு நிலவறை இல்லாததற்கு இந்த இரண்டு காரணமும் போதும். நம் பக்கத்தில் இறக்கிய கள் காலையில் இனித்து, மாலையில் புளிப்பதும் இதே கணக்குதான். வெயில் நாட்டில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

இந்தக் குளிருக்காக அவர்கள் பட்ட பாட்டுக்கு ஆவணம் இருக்கிறது. 1380-ஆம் ஆண்டு நியூரம்பெர்க் நகர ஆட்சி, பீர் காய்ச்சி விற்க விரும்புகிறவர் பத்தடி ஆழமும் பதினாறடி அகலமும் உள்ள சொந்த நிலவறை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தக் காலத்து அடி அளவு வேறு, அதை இன்றைய மீட்டராக அப்படியே மாற்றிவிட முடியாது. ஆனால் உத்தரவு உண்மை, அதன் விளைவைக் கோட்டைக் குன்றுக்கடியில் இன்றும் நடந்து பார்க்கலாம். அன்று வேறு ஆட்சியாக இருந்த பக்கத்துப் பவேரியாவில் 1553-இல் வந்த சட்டம் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சுவதையே தடை செய்தது, வெயில் காலத்து பீர் கெட்டுப்போனதால். ஆக, அங்கே வசந்தத்துக்குள் காய்ச்சியதை இலையுதிர்காலம் வரை காப்பாற்றியாக வேண்டும், அதற்குப் பாறையை விட்டால் வேறு வழி இல்லை. 1870-களில் பொறியாளர் கார்ல் வான் லிண்டே மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையில் குளிர்பதன இயந்திரத்தை ஓட்டிக் காட்டிய பிறகுதான் இந்தக் கட்டாயம் தளர்ந்தது. சிங்கப்பூரில் டைகர் பீர் 1932-இல் விற்பனைக்கு வந்தபோது இயந்திரக் குளிர் தயாராக இருந்தது. நம் நாட்டு பீர் பாறையைப் பார்த்ததே இல்லை. நான் வேலை பார்த்த பிரிவில் கைப்பிடியைத் திருகினால் 0 டிகிரி வந்துவிடும். அப்படி இருந்துவிட்டு முதன்முறை அந்த மணற்கல் அறைக்குள் நின்றபோது, என் தொழிலின் அடித்தளம் இதுதான் என்று மனதில் பட்டது.

சரி, நடைக்கு வருவோம். முதல் நாள் நியூரம்பெர்க். ரயில் நிலையத்திலிருந்து கோட்டை வரை இரண்டு கிலோமீட்டருக்குள்தான், ஆனால் ஆற்றைத் தாண்டியதும் ஏற்றம். காலையில் கூனிக்ஸ் வாசல் வழியாக உள்ளே போய், பெக்னிட்ஸ் ஆற்றைக் கடந்து, சந்தைச் சதுக்கம், செபால்டு தேவாலயம் என்று மெதுவாக ஏறுங்கள். ஓவியர் ட்யூரரின் சிலை நிற்கும் சதுக்கத்துக்குப் பக்கத்தில், பெர்க் தெருவில் ஆல்ட்ஷ்டாட்ஹோஃப் என்ற சின்ன ஆலை இருக்கிறது. நிலவறைச் சுற்றுலா அந்தப் பக்கத்தில்தான் தொடங்கும். வழிகாட்டியோடு மட்டுமே போகலாம், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆங்கிலச் சுற்று எல்லா நேரமும் இருக்காது, முன்பதிவு செய்துவிடுங்கள். வெளியே எவ்வளவு வெயிலடித்தாலும் இருவரும் ஒரு ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். படிகள் உண்டு, கீழே ஈரம் இருக்கும், அப்பாவுக்கு நல்ல பிடிப்புள்ள சப்பாத்து வேண்டும்.

உள்ளே போனதும் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். உளி இழுத்த கோடுகள் வரிவரியாக, சாய்வாக, இன்னும் அப்படியே இருக்கும். கையால் தொட்டால் மணல் துகள் ஒட்டும், அவ்வளவு மெதுவான கல். மெதுவான கல் என்பதால்தான் தோண்ட முடிந்தது. அப்புறம் தலையைத் தூக்கி மேலே பாருங்கள், காற்றுக் குழாய்கள் தெரியும். நொதிக்கும்போது வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். காற்றோட்டம் இல்லாத நிலவறையில் ஆள் மயங்கிச் சாவது இந்தத் தொழிலின் பழைய ஆபத்து. எஃகுத் தொட்டிக்குள் இறங்குமுன் நாங்களும் வாயு அளவு பார்த்துத்தான் இறங்குவோம். வழிகாட்டி இதை இரண்டு வரியில் சொல்லிப் போய்விடக்கூடும், நீங்கள் நின்று பாருங்கள்.

அப்பாவுக்கான இடமும் இதுதான். இரண்டாம் உலகப் போரில் இந்த பீர் நிலவறைகளைத்தான் இணைத்து மக்களின் பதுங்குகுழியாக மாற்றினார்கள். 1945 ஜனவரி 2-ஆம் தேதி குண்டுவீச்சில் மேலே பழைய நகரம் பெரும்பாலும் தரைமட்டமானது, கீழே இருந்தவர்கள் பிழைத்தார்கள். கோட்டைக்குக் கீழே இன்னொரு பழைய பீர் நிலவறையைக் கலைப்பொருள்களைக் காக்கும் அறையாக மாற்றினார்கள். ட்யூரரின் படைப்புகள், 1492-இல் செய்த பெஹைம் பூகோள உருண்டை, வியன்னாவிலிருந்து கொண்டுவந்த புனித ரோமப் பேரரசின் முடியும் செங்கோலும், போலந்தின் கிராகூஃப் நகரிலிருந்து அள்ளி வந்த சிற்பி ஃபைட் ஷ்டோஸின் மாபெரும் மரச் சிற்பப் பீடம் எல்லாம் அங்கே இருந்தன. அந்தப் பீடம் 1946-இல் கிராகூஃபுக்கே திரும்பியது. அதற்கும் தனிச் சுற்றுலா உண்டு. அப்பாவுக்கு வரலாற்றில் ஆர்வம் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் நடுவே ஒரு மணி நேரமாவது உட்கார வையுங்கள்.

மேலே வந்த பிறகு முதல் பீர். ஆல்ட்ஷ்டாட்ஹோஃபில் சிவப்பு பீர் கேளுங்கள். நியூரம்பெர்க்கின் பழைய பீர் அதுதான், 19-ஆம் நூற்றாண்டில் மறைந்துபோய், இந்த ஆலை 1984-இல் மறுபடியும் காய்ச்சத் தொடங்கியது. லேசான கேரமல் இனிப்பு, கைப்பு குறைவு. சாயங்காலம் கோட்டைக்கடியில் உள்ள டியர்கெர்ட்னர் வாசல் சதுக்கத்தில் ஊர்க்காரர்கள் கல் தரையிலேயே குழுவாக உட்கார்ந்திருப்பார்கள், நீங்களும் உட்காரலாம். நடக்க இன்னும் தெம்பிருந்தால் நகர மதிலுக்கு வெளியே, மேற்கே கோஸ்டன்ஹோஃப் பகுதியில் ஷான்சன்ப்ராய் கடைக்குப் போய் அவர்களது சிவப்பு பீரையும் குடித்துப் பாருங்கள். ஒரே வகை, இரண்டு கை. அதோடு முதல் நாளை முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் பாம்பெர்க். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1993 முதல் உலகப் பாரம்பரிய நகரம். நிலையத்திலிருந்து நடந்தால் ஓபரே கூனிக் தெருவில் ஸ்பெட்சியால், ஃபெஸ்லா என்ற இரண்டு ஆலைகள் ஒன்றுக்கொன்று எதிரில் நிற்கும். ஒன்று 1536-ஐயும் மற்றொன்று 1649-ஐயும் தொடக்கமாகச் சொல்கிறது. பிறகு ஆற்றின் நடுவில் நிற்கும் பழைய நகர மன்றம், அதைத் தாண்டினால் டொமினிக்கானர் தெருவில் ஷ்லெங்கர்லா என்ற ஆலைக் கடை.

ஷ்லெங்கர்லாவின் புகை பீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. முதல் மடக்கு நம்மூர் இக்கான் சாலாயை, அதாவது புகையில் வாட்டிய மீனை, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோன மாதிரிதான் இருக்கும். பலர் அங்கேயே கிளாஸை நகர்த்திவிடுவார்கள், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பார்லியை முளைகட்டிய பிறகு காய வைத்தாக வேண்டும், அதுதான் மால்ட். நேரடி நெருப்பில் காயவைத்த காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பாலான பீருக்குள் ஏதோ ஓரளவு புகை இருந்திருக்கும். புகை படாமல் சூடு மட்டும் தரும் உலைகள் வந்ததும் மற்றவர்கள் மாறிவிட்டார்கள். ஷ்லெங்கர்லாவும் ஸ்பெட்சியாலும் மட்டும் இன்றுவரை பீச் மர விறகில் தாங்களே மால்ட் காய வைக்கிறார்கள். இது உறுதியான செய்தி. ஒரு மடத்தில் தீப்பிடித்து, புகை ஏறிய தானியத்தை வீணாக்க மனமில்லாமல் காய்ச்சியதால் இந்த பீர் பிறந்தது என்று கடைகளில் சொல்வது வெறும் கதை. சுவைக்குக் காரணம் தேடிப் பின்னால் கட்டியது என்பது என் கருத்து. ஷ்லெங்கர்லாவின் பெயர் 1405-இல் ஆவணத்தில் வருகிறது, ஆனால் அன்று காய்ச்சியதும் இன்று குடிப்பதும் ஒன்றே என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஈஸ்ட், பார்லி ரகம், வெப்பக் கட்டுப்பாடு எல்லாமே மாறியிருக்கிறது.

அங்கே உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் நடைவழியில் ஒரு சாளரம் இருக்கும். கிளாஸுக்கு முன்பணம் கட்டி, வாங்கி, நின்றபடி குடிக்கலாம். பீர் மரப் பீப்பாயிலிருந்து தன் எடையிலேயே இறங்குகிறது, வாயு அழுத்தம் எதுவும் இல்லை. பீப்பாய் தீர்ந்ததும் புதியதை உருட்டி வந்து, பித்தளைக் குழாயை ஓரிரு அடியில் இறக்குவார்கள். சரியாக அடித்தால் ஒரு சொட்டுகூடச் சிந்தாது. அதைப் பார்க்கவே கொஞ்ச நேரம் நிற்கலாம்.

அங்கிருந்து பேராலயத்துக்கு ஏறி, பார்த்துவிட்டு, பிற்பகலில் ஸ்டெஃபான்ஸ்பெர்க் குன்றுக்குப் போங்கள். பாம்பெர்க்காரர்கள் நிலவறைக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு மேலே ஏறுவார்கள். காரணம், பீர் முதிர்ந்த அறைகள் குன்றுக்குள் இருந்தன, அவற்றின் தலைமேல்தான் பீர் தோட்டம். நிழலுக்காகக் குதிரைக் கஷ்கொட்டை மரங்களை நட்டார்கள், அகன்ற இலை, வேர் ஆழமாக இறங்காது, அதனால் நிலவறையின் வளைவுக் கூரையைப் பிளக்காது. தரையில் சரளைக்கல். 1812-இல் பவேரிய மன்னர் மாக்ஸிமிலியன் யோசேப், மியூனிக் ஆலைக்காரர்கள் கோடையில் தங்கள் நிலவறையில் பீர் விற்கலாம், ரொட்டியைத் தவிர வேறு உணவு விற்கக் கூடாது என்று உத்தரவிட்டார். சொந்தச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகும் பழக்கத்தை அங்கிருந்துதான் சொல்கிறார்கள், சில இடங்களில் இன்றும் அனுமதிக்கிறார்கள், கேட்டுவிட்டுப் பிரியுங்கள். ஸ்பெட்சியால் ஆலையின் தோட்டத்திலிருந்து பேராலயத்தின் நான்கு கோபுரமும் ஊரும் தெரியும். அப்பாவுக்கு ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த அப்ஃபெல்ஷோர்லே வாங்கிக் கொடுங்கள். ஆல்கஹால் இல்லாத பீர் என்று கொடுப்பதில் 0.5 சதவீதம் வரை இருக்கலாம். துளிகூடக் கூடாது என்பவருக்கு அது சரிவராது, கேட்காமல் வாங்கி வைத்துவிடாதீர்கள்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. தோட்டத்தில் வளர்ந்தவருக்குக் குடி வேறு மாதிரிதான் தெரியும். சம்பள நாளன்று கள்ளுக்கடையில் கரைந்த குடும்பங்களைப் பார்த்த தலைமுறை அது. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. அப்பாவை "சும்மா ஒரு வாய்" என்று வற்புறுத்த வேண்டாம். அந்த பீர் தோட்டத்தில் பாட்டி, பேரக்குழந்தை, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பதை அவரே பார்ப்பார். என்ன நினைக்கிறார் என்பதை அவரே சொல்லட்டும்.

சில நடைமுறைகள். யூரோ நோட்டு கையில் இருக்கட்டும், கார்டு வாங்காத கடைகள் இன்னும் இருக்கின்றன. தெரியாதவர்களோடு மேசையைப் பகிர்வது சாதாரணம், இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். ஸ்டாம்டிஷ் என்று பலகை வைத்த மேசை மட்டும் வாடிக்கைக்காரர்களுடையது. ஒவ்வொரு கிளாஸுக்கும் கிளாஸுக்கு அடியில் வைக்கும் உங்கள் அட்டைத் தட்டில் பென்சிலால் ஒரு கோடு போடுவார்கள், அதுதான் பில், தொலைத்துவிடாதீர்கள். சாப்பாடு பெரும்பாலும் பன்றி இறைச்சி. மாடு தவிர்ப்பவருக்குச் சுலபம், சைவத்துக்குச் சீஸ், ரொட்டி, உருளைக்கிழங்கு, சீஸ் போட்ட ஸ்பெட்ஸ்லே என்ற நூடுல்ஸ். சுவரில் 1516 தூய்மைச் சட்டம் என்று எழுதியிருப்பதை எங்கும் பார்ப்பீர்கள். பீரில் என்னென்ன சேர்க்கலாம் என்று வரையறுத்த அது, பவேரியக் கோமகனின் சட்டம், அன்று இந்த இரண்டு ஊருமே அவர் ஆட்சியில் இல்லை. பாம்பெர்க்கில் ஆயர் 1489-லேயே மால்ட், கைப்பு தரும் ஹாப்ஸ் பூ, தண்ணீர் மட்டும் என்று விதித்துவிட்டார்.

விலையைப் பார்த்துக் கை தாராளமாகும், கவனம். நம் நாட்டில் 2016-இல் கொண்டுவந்த கலால் கணக்குப்படி 5 சதவீத பீர் அரை லிட்டருக்கு வரி மட்டும் 4 ரிங்கிட் 37 சென் இருந்தது, 2025 நவம்பரில் அது இன்னும் ஏறியது. ஜெர்மனியில் அதே கிளாஸுக்கு பீர் வரி 5 யூரோ சென்ட்டுக்குள். மலிவு என்பதற்காகக் கூட ஒரு கிளாஸ் ஏற்றிவிட்டு, அந்தக் கல் பாவிய இறக்கத்தில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு இறங்குவது நல்லதல்ல.

பாட்டில் கொண்டுவரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 72 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பினால் ஆளுக்கு 1 லிட்டர் மது வரியில்லாமல் வரும், அதாவது இரண்டு அரை லிட்டர் பாட்டில். ஷ்லெங்கர்லாவின் மெர்சன் என்ற புகை பீர் பயணத்தைத் தாங்கும். வடிகட்டாமல், அடைப்பைத் திறந்து வைத்து முதிர்த்த வாயு குறைந்த வகைகள் தாங்காது, அவற்றை அங்கேயே குடித்துவிடுங்கள். கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டிக்குள்தான் போக வேண்டும். ஒவ்வொரு பாட்டிலையும் முதலில் ஜிப் பையில் போட்டு, பிறகு கம்பளிச் சட்டையில் சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு நாள் குளிர்பெட்டியில் நிமிர்த்தி வைத்துவிட்டுத் திறங்கள். ஐஸாக வேண்டாம், 8, 9 டிகிரி போதும்.